நெகடிவில் இருந்த மூச்சு

அது புகை இல்லை, என் மூச்சு. இதை எப்படிச் சொன்னால் இவருக்குப் புரியும்?

நீலாஞ்சனா கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டமான வெளிச்சத்துக்கு நடுவே அவளுடைய பக்கவாட்டு முகம், மூக்கும் உதடும் மோவாயும், கறுப்பாக விழுந்திருந்தது. முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

செஞ்சி காந்தி பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜான் பாஷா, கல்யாணப் பெண்ணின் கன்னத்துத் தழும்பை நெகடிவிலேயே எடுத்துவிடுவதில் பேர் வாங்கியவர். அதே அக்கறையோடுதான் இதையும் செய்திருந்தார். கறுத்த இடத்தைப் பிளேடால் சுரண்டி, வெளுத்த இடத்தைப் பென்சிலால் நிரவியிருந்தார்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். வாயிலேருந்து பொக வர மாதிரி இருந்திச்சி, பீடி குடிக்கிற மாதிரி. நாலு பேர் பாத்தா இன்னா பேசுவாங்க? அதான் நானே எடுத்துட்டேன். இதுக்குக் காசு வேணாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மூச்சைப் படம் பிடிக்க உதவியது, போன வருஷம் வால்நட்சத்திரம் பார்ப்பதற்காக அவளே உட்கார்ந்து தேய்த்த குழியாடி. வால்நட்சத்திரம் மங்கலாக வந்து போனது. ஆடி மிஞ்சியது. மேல்சித்தாமூரில் வீட்டை ஒட்டிய மணிலாக் கொட்டைக் கிடங்கின் கதவுகளைப் பகலிலேயே சாத்தி, ஊசித்துளை வழியே விளக்கொளியை ஆடியின்மேல் விழச் செய்தாள். ஆடி அந்த ஒளியைத் திருப்பி ஒரே புள்ளியில் சேர்த்தது. அங்கே ஒரு சவரப் பிளேடை நிறுத்தி, புள்ளியில் பாதியை மறைத்தாள். சூடான காற்று லேசானது. அதன் வழியாகப் போகும் ஒளி கொஞ்சம் வளைகிறது. வளைந்த ஒளி பிளேடில் மோதினால் அந்த இடம் இருட்டு, தப்பினால் வெளிச்சம். அவ்வளவுதான். ஆனால் ஆடிக்கு முன்னால் வாயைத் திறந்தபோது, இத்தனை வருஷமாக உள்ளே போய் வந்துகொண்டிருந்த ஒன்று, பிளேடைத் தாண்டிய ஒளி விழுந்த சுவரில் எழுந்து நின்றது. தன்னுடையதுதான் என்று நம்பவே நேரம் பிடித்தது. பாஷாவிடம் வாடகைக்கு வாங்கிய கேமராவில் அது சிக்கியதே அதிர்ஷ்டம்.

சென்னையில் காற்றோட்டத்தை ஆராயும் கூடம் ஒன்று, ஆண்டுதோறும் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வருஷப் பயிற்சி தருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதாவதொன்றைத் தெரியவைத்துப் படம் அனுப்ப வேண்டும் என்பதுதான் தேர்வு. நாளை கடைசி நாள். அவளை அனுப்ப நைனாவைச் சம்மதிக்க வைத்தவன் அண்ணன் ஸ்ரீபால். வியாபார வேலையாக இன்று சென்னைக்குப் போகிறான். படத்தை நேரில் சேர்ப்பதாகச் சொல்லி, பஸ்ஸுக்கு முன் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான்.

நடந்ததை அவள் விளக்கியதும் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். வேறொரு பிரதியில் உதட்டருகே ஒரு சுருளைத் தீட்டினார். ஸ்டுடியோவின் திரைச்சீலையில் காஷ்மீர் ஏரியை எழுதிய கை. சுருள் அழகாகவே இருந்தது.

"இதான நீலா?" என்றான் ஸ்ரீபால். "அப்பிடியே இருக்குது பாரு."

ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, பிறகு மேலே வளையுங்கள் என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. சூடான காற்று எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். தானே பக்கத்தில் நின்று சொன்னால் எந்த விஞ்ஞானியாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கவனித்தபோது உடம்பு கூசியது.

கிடங்கில் பார்த்தபோது மேலுதட்டருகே ஒரு சின்ன முடிச்சு இருந்தது. மூச்சு அங்கே ஒரு நொடி தயங்கி, தன்னையே சுற்றிக்கொண்டது. ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததை யாரும் வரைந்துவிடலாம். தெரியாததை எந்தப் பிரஷ் வரையும்? சென்னைக்குப் போக அவள் ஆசைப்பட்டதே அந்த முடிச்சுக்காகத்தான்.

"பாய், இன்னொரு ரோல் போட்டுக் குடுங்க. நாளைக்கு மறுபடி எடுக்கறேன்."

"நாளைக்குத்தான் கடைசி நாள்," என்றான் ஸ்ரீபால்.

"தெரியும். லேட்டாத்தான் போகும். வாங்கலன்னா அடுத்த வருசம்."

"அடுத்த வருசம் நைனா உடுவாரா? ஒரு தபா ஒத்துக்க வைக்கறதுக்குள்ள எனுக்கு உசுரு போச்சு." அவன் குரல் தணிந்தது. "ஒரு கோடுதான நீலா. நீ பாத்தது நெசந்தான? நெசத்தத்தான வரையச் சொல்றோம்?"

அவன் முகத்தில் இருந்தது பாசம். அதற்கு எதிராக வாதம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஸ்ரீபால் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டிய உறையைத் திறந்து அவள் முன் நீட்டினான். பாஷா ஈரம் காயாத படத்தை ஓரம் பிடித்து அவளிடம் கொடுத்தார்.

அவள் அதை வாங்கினாள். உறைக்குள் வைக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நீ போய்ட்டு வாண்ணா," என்றாள். "இது வேணாம்."