கடைசியில் வருபவர்

"கடைசியில வர்றவங்க கதவைச் சாத்திட்டு வாங்க!"

வழிகாட்டிப் பெண் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் நுழைந்தாள். எந்த அரண்மனைக்குப் போனாலும் காதில் விழுகிற வாக்கியம்தான் அது. முன்னால் போகிறவள் திறப்பாள், பின்னால் வருகிறவர் மூடுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடைசி ஆள் மிலாடாவின் கணவர் ரதோவன்தான். கூட்டம் நகர்ந்த பிறகும் கூரைச் சித்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். ஆசை தீர்ந்ததும் வந்து கதவை மெல்லச் சாத்துவார்.

அவர் பிப்ரவரியில் இறந்துபோனார். லிபனோவ் ஊரின் இரண்டு அரண்மனைகளையும் இலையுதிர் காலத்தில் நாலைந்து நாள் தங்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் முன்பே விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல மிலாடாவுக்கு மனம் வரவில்லை. துணைக்கு அவருடைய அக்கா ஸ்டாஸாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் நாள், மேட்டு அரண்மனையின் மஞ்சள் அறையில் மிலாடாதான் கடைசி. நிலைப்படியைத் தாண்டிக் கதவை இழுக்கக் கை நீட்டினாள். அதற்குள் கதவு தானே நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. காற்று அடித்து மூடினால் சுவரே அதிரும். இது அப்படி இல்லை. யாரோ கைப்பிடியை அழுத்திப் பிடித்து, தாழ் சத்தமில்லாமல் விழுந்த பிறகு விட்டதுபோல இருந்தது.

அவள் நடந்தாள். பின்னால் கம்பளிச் செருப்பு தரையில் வழுக்கியது. பழைய மரத்தரை கீறாமல் இருக்க, வாசலிலேயே எல்லாரும் காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் தொளதொளச் செருப்பு. சர்ர்... சர். ஒரு கால் நீளமாக, ஒரு கால் குட்டையாக. ரதோவனுக்கு இடது முழங்கால் மடங்காது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி நடந்ததும் சத்தமும் நடந்தது.

மத்தியானம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த ரொட்டிக்குள் வைத்த பொரித்த கறியைப் பிரித்தார்கள். ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டிருந்த ஸ்டாஸாவிடம் மிலாடா கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு எதுவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. அந்தத் தடியன் ஒருத்தன் இளவரசி படத்துக்கு முன்னாடி நின்னு மூக்கு சிந்தினான்."

"அது இல்லக்கா. அவர் பின்னாடியே வந்தார்."

ஸ்டாஸா மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு மிலாடாவின் மடியில் விழுந்திருந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "சாப்பிடுடி. காலி வயித்துல எல்லாமும்தான் கேக்கும்."

மறுநாள் ஆற்றங்கரையில் இருக்கிற, கிறிஸ்தவ ஆயரின் கோடை அரண்மனைக்குப் போனார்கள். மிலாடா வேண்டுமென்றே கடைசியாக நடந்தாள். கதவைத் தொடவே இல்லை. அறை அறையாகக் கதவுகள் ஆவென்று திறந்தே கிடந்தன. வழிகாட்டிக் கிழவர் கத்தினார்: "யாரம்மா கடைசி? உங்க வீட்டுல கதவுக்குப் பதிலா திரைச்சீலையா தொங்குது?"

கூட்டம் சிரித்தது. ஸ்டாஸாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மிலாடாவுக்கோ ஒன்று தெளிவாகிவிட்டது. அவர் இங்கே இல்லை. மேட்டில்தான் இருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையிலும் சாயங்காலமும் மேட்டுக்கே போனாள். மஞ்சள் அறை, வேட்டை அறை, கண்ணாடிக் கூடம். ஒவ்வொரு கதவும் அவளுக்குப் பின்னால் பதமாக மூடியது. ஒவ்வொரு முறையும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதே நேரம் முதுகுத்தண்டும் சில்லிட்டது. கணவர்தான், ஆனாலும் செத்தவர்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வழிகாட்டிப் பெண் சொன்னாள்: "நாளையோட இந்த வருஷத்துக்கு முடிஞ்சுதும்மா. சாமானுக்கெல்லாம் துணி போட்டு மூடிப் பூட்டிடுவோம். இனி ஏப்ரல்லதான் ஆள் நடமாட்டம்."

"குளிருக்கு அடுப்பு மூட்டி வைப்பீங்கல்ல?"

"ஆளில்லாத வீட்டுக்கு அடுப்பு எதுக்கும்மா?"

அன்று இரவுச் சாப்பாட்டில் பூண்டு சூப் ஆறிக் கெட்டியானது. மிலாடா கரண்டியை எடுக்கவே இல்லை. "எப்படியாவது நாளைக்கு அவரை வெளியில கூட்டிட்டு வந்துடணும்க்கா. குளிர்ல விறைச்சுடுவார்."

"அவன் நம்ம ஊர்க் கல்லறையில இருக்கான். ஆத்துமாக்கள் நாளுக்கு அங்க ஏத்த மெழுகுவத்திகூட வாங்கி வச்சாச்சு. ஒரு ஆள் ரெண்டு இடத்துல இருப்பானா?"

"கல்லறையில எனக்கு எதுவுமே கேட்கலையே."

ஸ்டாஸா பீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நானும் வரேன்," என்றாள்.

கடைசி நாள் கடைசிக் கூட்டத்தில் ஆட்கள் கொஞ்சம்தான். வழியெல்லாம் மிலாடா பின்னால் பார்க்காமலே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க. இன்னும் ரெண்டு அறைதான். படி இருக்கு, பார்த்து." சர்ர்... சர். வந்துகொண்டுதான் இருந்தார். வெளிவாசலை அடைந்ததும் எல்லாரும் செருப்பைப் பெட்டியில் எறிந்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார்கள். மிலாடா வெளியே நின்றபடி கனத்த கதவைத் தோளால் தாங்கித் திறந்துவைத்தாள்.

உள்ளே, இருட்டிய கூடத்தில், செருப்புச் சத்தம் நிலைப்படி வரை வந்தது. நின்றது.

"வாங்களேன்," என்றாள் மிலாடா. "வீட்டுக்குப் போலாம்."

எதுவும் அசையவில்லை. வழிகாட்டிப் பெண் சாவியோடு காத்திருந்தாள். "அம்மா, கதவைச் சாத்துங்க. குளிர் உள்ள போகுது."

"ஒரே நிமிஷம்."

"மிலாடா," என்றாள் ஸ்டாஸா. அவள் குரல் என்றைக்கும் அப்படி இருந்ததில்லை. அவளும் நிலைப்படிக்கு உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்பிட்டவுடனே அவன் எப்ப வந்தான் சொல்லு? சின்ன வயசுல அம்மா தொண்டை கிழியக் கத்துவா. மரத்து மேல உக்காந்து மேகம் பார்த்துட்டு இருப்பான். பிடிச்ச இடத்தை விட்டு அவனை யாரும் இறக்கினதில்ல. விடுடி."

மிலாடாவின் தோள் வலித்தது. உள்ளே கூரையில் ஒரு பொன் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சித்திரத்தை அவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தி இழுத்தாள். தாழ் சத்தமில்லாமல் விழுந்தது. வழிகாட்டிப் பெண் பூட்டினாள்.

அப்போது உள்ளே ஒரு கதவு மூடிக்கொண்டது. பிறகு அதற்கு அடுத்தது. கூட்டம் வரும்போதே ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்த கதவுகள் அவை. இப்போது யாரோ அவற்றைத் திறந்து, உள்ளே போய், பின்னால் சாத்திக்கொண்டே போகிறார்கள். கண்ணாடிக் கூடம். வேட்டை அறை. மஞ்சள் அறை. அதற்கும் அப்பால், யாருக்கும் காட்டாத அறைகள்.

"பழைய கட்டடம். காத்து புகுந்துக்கும்," என்றாள் வழிகாட்டிப் பெண், யாரும் கேட்காமலே.

ஸ்டாஸா சிலுவை போட்டுக்கொண்டாள். மிலாடா மரக்கதவில் காதை வைத்து, கடைசிக் கதவும் மூடும் வரை நின்றாள்.