டைட்டில் கார்டில் கொள்ளாத பெயர்

1.

"கதைன்னு எம்பேரைப் போடுங்க அண்ணாச்சி."

இதை மட்டும் இயக்குநரிடம் கேட்டுவிடாதே என்று இணை இயக்குநர் பெலிக்ஸ் சொல்லியிருந்தார். ஆலங்குளத்தில் பீடி சுற்றுகிற என் அம்மாவும் சொன்னாள்: "டிகிரி முடிச்ச திமிரைச் சினிமாக்காரங்ககிட்ட காட்டாத." கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்காமல் இருந்திருந்தால் எல்லாம் படத்தோடு போயிருக்கும்.

2.

வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன்.

‘குற்றால மலையில் மேகம் இறங்கிய ஒரு மாலையில் அந்த இரட்டையர்…’

பொய். மேகமெல்லாம் இறங்கவில்லை. சீசன் இல்லாத மாதத்தில்தான் லாட்ஜ் வாடகை குறைவு என்று பங்குனியில் படக்குழுவைக் கூட்டி வந்தார் இயக்குநர் மந்திரமூர்த்தி. தென்காசிக்காரர்தான். பங்குனியில் அருவி எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். காய்ந்த பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொலை விழுந்ததாலதான் அருவி வத்திருச்சுன்னு ஒரு வரி எழுதிரு தாயி."

எழுதினேன். (வரி நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.)

3.

படத்தில் இரட்டைச் சகோதரிகள். மூத்தவள் ஒரு பொருளைத் தொட்டால் அதை முன்பு யார் தொட்டது, எதற்குத் தொட்டது என்று தெரிந்துவிடும். இளையவள் ஒரு மனிதரைத் தொட்டால் அவர் நினைவில் இருப்பதை அழித்துவிடுவாள். லாட்ஜில் கொலை நடக்கிறது. கொன்றவனை அக்கா கண்டுபிடிக்கிறாள். தங்கை அதை அக்காவின் நினைவிலிருந்தே அழிக்கிறாள். ஏன் என்பது கிளைமாக்ஸ்.

இருவராகவும் நடிப்பது ஒரே பெண். இருவரும் சேர்ந்து நிற்கும் காட்சியில் முதுகு காட்டி நிற்பது சவுரி வைத்த பெலிக்ஸ். மீசையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

(இளையவள் பாத்திரம் நம்பும்படி இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கண்ணெதிரே நடந்ததை ஒரு ஆள் இல்லாமல் ஆக்கிவிட முடியுமா? இப்போது அந்தச் சந்தேகம் இல்லை.)

4.

நான் பேரைக் கேட்டதும் மந்திரமூர்த்தி மத்தியானப் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார்.

"குழல்வாய்மொழி! உம்பேரு ஸ்கிரீன்ல கொள்ளாதுட்டி."

"இங்கன கோயில் போர்டுல கொள்ளுதுல்லா? அம்மன் பேருதான அண்ணாச்சி."

"அம்மன் கதையா எழுதுதா?"

"நான் எழுதுனேம்லா."

"கதை, திரைக்கதை, வசனம், இயக்கம். நாலும் ஒரே கார்டுல வந்தாத்தான் மெட்ராஸ்ல மதிப்பான். ஒண்ணு கொறஞ்சா, இவனுக்குக் கதை பண்ணத் தெரியாதும்பான். உன்னைய நன்றி கார்டுல போடுதேன்."

"அதுல வேற யாரு?"

பெலிக்ஸ் சொன்னார்: "லாட்ஜ் ஓனரு, பரோட்டாக் கடை, ஜெனரேட்டர் குடுத்தவரு, ஊர்ப் பொதுமக்கள்."

"பரோட்டாக் கடைக்கு மேலயே போடச் சொல்லுதேன்" என்றார் மந்திரமூர்த்தி. பெருந்தன்மையாம்.

5.

முடிவுகள்.

அ) சரி என்கிறேன். அடுத்த படத்தில் பேர் வரும் என்கிறார்கள். (அடுத்த படத்துக்கும் யாராவது பரோட்டா கொடுப்பார்கள்.)

ஆ) இளையவள் திரையைவிட்டு இறங்கி வந்து மந்திரமூர்த்தியின் நெற்றியைத் தொடுகிறாள். அவருக்கு இயக்கமும் மறந்துபோ

இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அப்படியெல்லாம் சக்தி கிடையாது. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கிளைமாக்ஸை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் அதைத்தான் எடுக்க வேண்டும்.

6.

மந்திரமூர்த்தி கை கழுவிவிட்டு வந்தார். "பேரையெல்லாம் பொறவு பேசலாம். தங்கச்சிக்காரி எதுக்கு அழிக்கா? அதைச் சொல்லு."

"அவளையே கேளுங்க."

"யாரை?"

"தங்கச்சிக்காரியை. கதை உங்களுதுதான? நீங்க கேட்டா சொல்லுவா."

"ஏட்டி, வெளையாடாத. நாளைக்கு ஷூட்டிங்கு."

பெலிக்ஸ் என் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "உக்காரும்மா. வாய்ப்பு திரும்ப வராது."

வாசகரே, உங்களுக்கும் அதே கேள்விதான் என்று தெரியும். தங்கை ஏன் அழித்தாள்? காரணம் எனக்குத் தெரியும், நல்ல காரணம். ஆனால் இங்கே எழுதினால் மந்திரமூர்த்தியும் படிப்பார். ஆகவே உங்களுக்கும் கிடையாது. என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. நீங்களாக ஒன்றை யோசித்தால் அதில் உங்கள் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் உட்காரவில்லை. அறை வாசலில் செருப்பை மாட்டினேன். "எங்கட்டி போற?" என்ற சத்தம் படிக்கட்டுவரை வந்தது. தென்காசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினேன்.