பழுதுப் பெட்டி

மிக்சி மெக்கானிக்குக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். சனிக்கிழமை காலை அத்தான் வீட்டுக் கூடத்தில், புது உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது.

அத்தான் என்றால் அக்கா புருஷன். அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாசம் ஒரு பள்ளிக்கூட டீச்சரை அத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அதில் மெக்கானிக்குக்குக் குறை ஒன்றும் இல்லை. தானே பொங்கித் தானே தின்று மனுஷன் பாதியாய் இளைத்துப் போயிருந்தார். ஆனால், சனி ஞாயிறு வந்து இருந்துவிட்டுப் போ என்று அவர் போன் செய்தபோது இவனுக்குத் தயக்கமாக இருந்தது. அக்காவும் இல்லை, அக்கா இடத்தில் இன்னொருத்தர் வந்தாயிற்று, இனிமேல் அந்த வீட்டில் நான் யார்? நாலு மணி நேர பஸ் பயணம் முழுக்க இந்த ஒரு கேள்விதான் அவனைக் குடைந்தது.

அக்கா இருந்தபோது இந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவாள். திணறுகிற மிக்சி, எரியாத டார்ச், வயர் அறுந்த இஸ்திரிப்பெட்டி என்று மாசக்கணக்கில் சேர்த்த ஓட்டை உடைசலெல்லாம் அதில் இருக்கும். பக்கத்து ஊர் ரிப்பேர் கடைக்கு ஒரு கடிகாரத்தைக்கூட அவள் அனுப்பியதில்லை. விருந்துக்குக் கூப்பிட்டாயா, வேலைக்குக் கூப்பிட்டாயா என்று அவன் சலித்துக்கொள்ளாத தடவையும் இல்லை. சலித்துக்கொண்டே தரையில் சம்மணம் போட்டு உட்காருவான். அவள் டார்ச் அடித்துக்கொண்டு ஊர்வம்பெல்லாம் பேசுவாள். அவள் போன பிறகும் அத்தான் அந்தப் பெட்டியை நிரப்பித்தான் வைத்திருந்தார்.

இந்தத் தடவை பெட்டியைக் காணோம். டீச்சர் தட்டில் வைத்து டீ கொண்டுவந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் இவனும் மொட்டை மொட்டையாகப் பேசிச் சமாளித்தான். பாழாய்ப்போன வீட்டில் ஒரு சாமான்கூட மக்கர் பண்ணவில்லை. மின்விசிறி சத்தமே போடாமல் சுற்றியது, கடிகாரம் சரியான நேரம் காட்டியது. ஆக, நாம் இங்கே விருந்தாளி ஆகிவிட்டோம் என்று முடிவு கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பையைக் கட்டிவிட்டான். சாயங்காலம் வரை இருப்பதாகப் பேச்சு. மதிய பஸ்ஸுக்கே கிளம்புகிறேன் என்றதும் டீச்சர் முகம் சுருங்கிப்போயிற்று. என்ன குறை வைத்தேன் என்று அத்தானிடம் கேட்டார். அத்தானுக்கு மனசில் எதையும் பூட்டிவைக்கத் தெரியாது. "பெட்டி இல்லல்ல, அதான்" என்று போட்டு உடைத்தார்.

டீச்சர் இவன் பக்கம் திரும்பினார். "வர்றப்பல்லாம் வேலை வாங்குறாங்கன்னு நீங்க சலிச்சுக்குவீங்கன்னு இவர் சொன்னார். அதான் போன வாரமே எல்லாத்தையும் கடையில குடுத்துச் சரிபண்ணி வச்சேன். இந்தத் தடவையாவது நிம்மதியா உக்காரட்டுமேன்னு."

மெக்கானிக்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் வாயே தனக்கு வினையாகிவிட்டதே! "அந்தப் பெட்டி இருந்தாதாங்க இது என் வீடு" என்றான்.

டீச்சர் உள்ளே போய் ஒரு பழைய ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பாவின் ரேடியோ. இதுக்கு மட்டும் கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம், விருந்தாளியிடம் நீட்டக் கூச்சமாக இருந்ததாம்.

அவ்வளவுதான், பையில் கிடந்த ரிப்பேர் சாமானெல்லாம் தரையில் பரவிவிட்டது. ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியைத் திறந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டான். உள்ளே ஒரே இருட்டு. "அக்கா, அந்த டார்ச்சைக் கொஞ்சம் அடி" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளிச்சம் வந்து சரியாக அவன் விரல் மேல் விழுந்தது. "இங்கயா தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமாக்கா."

ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைத்ததும் ரேடியோ கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதிய பஸ் போயே போய்விட்டது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் மூடியைப் போட்டு முடுக்கும்போது, ஒரு ஸ்க்ரூ குறைகிறது, அடுத்த மாசம் வரும்போது கொண்டுவந்து போடுகிறேன் என்றான் மெக்கானிக். எங்கேயாவது உருண்டிருக்கும் என்று அத்தான் நாற்காலிக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார்.

டீச்சர் தேடவில்லை. இருபது வருஷம் வகுப்பில் பிள்ளைகள் ஒளிக்கிறதைப் பார்த்த கண்ணாயிற்றே. வாசல்வரை வந்து, அவன் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்:

"சட்டைப்பையில இருக்கிற ஸ்க்ரூவைத் தொலைச்சிடாத தம்பி. அடுத்த மாசம் வர்றப்ப மறக்காம கொண்டுவா."