காதுக்குப் பின்னால் ஒரு பொத்தான்

வாசித்துக்கொண்டிருந்த கதையில் இரண்டாம் பக்கம் முடிவதற்குள்ளேயே விமல்ராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். இது நம்மைப் பற்றிய கதைதான், சந்தேகமே இல்லை என்று நினைத்தான். சந்தேகமே இல்லை என்று அவன் நினைப்பதே பெரிய அதிசயம். வேங்கிக்காலில் தணிக்கை அலுவலகத்தில் வேலை. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிற ஆள். வீட்டில் குழம்பு வழக்கத்தைவிட ருசியாக இருந்தால்கூட, "என்னா விசேஷம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கவளம் எடுப்பான்.

தேரடித் தெருவில் மாறனின் ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு மாடி அறை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே 'நாளைக் கதை வட்டம்' கூடும். நாளைக்கு நடக்கிற கதைகள் மட்டும்தான் அங்கே செல்லுபடி. இயந்திர மனிதன், வேற்றுக் கிரகம், காலத்தில் பின்னால் போகிற பஸ், எதுவாக இருந்தாலும் சரி. மாமியார் மருமகள் சண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாறன் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

வட்டத்துக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. கதையை எழுதியவர் டைப் அடித்து, பெயர் போடாமல் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட வேண்டும். மாறன் எடுத்து வாசிப்பான், அவனுக்கும் யார் என்று தெரியாது. எழுதியவரும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்பார். பிறகு ஒவ்வொருவரும் கதையில் ஒரு நல்லதையும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எழுதியவரும் தன் கதையைத் தானே குறை சொல்ல வேண்டும், அதுவும் முகத்தில் எதுவும் காட்டாமல். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அவர் எழுந்து நின்று கும்பிடுவார். நடுவில் மாட்டிக்கொண்டால் அன்றைய டீயும் பஜ்ஜியும் அவர் தலையில். ஆக, அங்கே பாராட்டையும் நம்ப முடியாது, திட்டையும் நம்ப முடியாது. விமல்ராஜுக்கு அந்த இடம் பிடித்துப்போனதே அதனால்தான். அவன் மனைவி வினோதினி கதை கேட்க வருவாள். இவன் மோப்பம் பிடிக்க வருவான்.

அன்றைய கதை நூற்றைம்பது வருஷம் கழித்து இதே திருவண்ணாமலையில் நடந்தது. வெயில் தாங்காமல் கிரிவலப் பாதை முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். உள்ளே வரக் குரங்குகளுக்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். கதாநாயகியின் புருஷன் ஒரு வருஷ வேலையாக நிலாவுக்குப் போகிறான். அவன் திரும்பும்வரை அச்சு அசலாக அவனைப் போலவே ஓர் இயந்திரத்தைக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். காதுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பொத்தானைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது.

இதுவரை விமல்ராஜ் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு மாறன் வாசித்ததுதான் வினை.

அசல் புருஷன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பானாம். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பானாம். அவள் பேசும்போது கண் முன்னால் மிதக்கிற திரையைத் தள்ளிக்கொண்டே "ம்" போடுவானாம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எல்லாம் 'தோ பாரு'தான். கிரிவலம் போனால் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவான். எம லிங்கத்தில் நின்று திரும்பிப் பார்ப்பான். அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்த கையோடு, "வந்துட்டியா, போலாம்" என்று கிளம்பிவிடுவான். நிருதி லிங்கத்திலும் அதே கதை. எட்டு லிங்கத்திலும் அவனுக்கு ஓய்வு உண்டு, அவளுக்கு ஓர் இடத்தில்கூட இல்லை.

விமல்ராஜின் கை தன்னாலேயே சட்டைப் பையில் இருந்த வீட்டுச் சாவியைப் பொத்திக்கொண்டது. கிளம்பும்போது பூட்டை எத்தனை முறை இழுத்தோம் என்று யோசித்தான். தெருமுனையிலிருந்து திரும்பியது நிச்சயமாக ஞாபகம் இருந்தது.

இயந்திரப் புருஷனோ அவள் கூடவே நடந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "மூச்சு வாங்கிக்கோ, அவசரம் இல்ல" என்று ஒவ்வொரு லிங்கத்திலும் சொன்னது. கதை முடிவில் அசல் புருஷன் ஜுரத்தோடு நிலாவிலிருந்து வந்து இறங்குகிறான். அவள் அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அழுதுகொண்டே இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

விமல்ராஜ் ஓரக்கண்ணால் வினோதினியைப் பார்த்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிற மாதிரியே பார்ப்பாள். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாசமாகச் சாயங்காலமானால் போனில் என்னவோ டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். இவன் பக்கத்தில் போனால் திரையைக் கவிழ்த்து வைக்கிறாள். அட கடவுளே, அது இதுதானா? அவள் எழுதியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இத்தனை வருஷமும் அவள் வேறு ஓர் ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் இவன் முகத்தை ஒட்டிய ஆளுக்காக.

பேச்சு ஆரம்பித்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, மண்டி வைத்திருக்கிற மணிவேல் முதலில் தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடிக் கூரை, குரங்குக்குச் சீட்டு, அதெல்லாம் பிரமாதம். நம்ம ஊரை வெச்சே இப்டி ஒரு கற்பனை வர்றது பெரிய விஷயம். ஆனா அந்தப் புருஷன் கேரக்டர் கொஞ்சம் ஜாஸ்திங்க. இப்டி ஒரு ஆளு எந்த ஊர்ல இருப்பான்? நம்பற மாதிரியே இல்ல."

அவர் மனைவி சரசு டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "வர்ணனை நல்லாத்தான் இருக்கு. புருஷனை இன்னும் கொஞ்சம் நல்லவனா காட்டியிருக்கலாம், பாவம்" என்றாள்.

வினோதினியின் முறை வந்தது. விமல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த மெஷின் அவ கூட நடக்கற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றாள் அவள். "பெரிய சண்டை, பெரிய ஆயுதம்னு எதுவும் இல்லாம, கூட நடக்கறதையே ஒரு அதிசயமா காட்டினது நல்ல கதை. ஆனா எனக்குக் கோவம் வருது. நூத்தம்பது வருஷம் கழிச்சு நடக்குது. நிலாவுக்கு வேலைக்குப் போறாங்க. ஆனா கஞ்சி வெக்கறது அவதான். எதிர்காலம் எழுதறவங்களுக்கு ராக்கெட்டை மாத்த வருது, அடுப்பங்கரையை மாத்த வரல. அந்த முடிவு இருக்கே, அது சுத்தமா பிடிக்கல. புருஷனுக்கு ஜுரம் வந்ததும் எல்லாத்தையும் மறந்துடறா. பழைய கதைக்கு மேல கண்ணாடிக் கூரை போட்ட மாதிரி இருக்கு."

அறையில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். விமல்ராஜ் மட்டும் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். என்ன நடிப்பு! தன் கதையை இவ்வளவு காரமாகத் திட்டுகிறாள் என்றால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதைதான். தப்பு செய்தவன் ரசீதுதான் எப்போதும் அதிசுத்தமாக இருக்கும் என்பது அவன் அலுவலகப் பாடம்.

"விமல் சார், நீங்க சொல்லுங்க" என்றான் மாறன்.

"பதினாலு கிலோமீட்டர் நடக்குதே அந்த மெஷின், நடுவுல எங்க சார்ஜ் போட்டாங்க?" என்று ஆரம்பித்தான் விமல்ராஜ். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. எழுதினவங்களுக்குக் கட்டின புருஷன் மேல அப்டி என்னா வெறுப்பு?"

"எழுதினவங்களை விட்டுடுங்க சார், கதையைப் பத்திப் பேசுங்க" என்று மாறன் தடுத்தான். வினோதினி திரும்பி இவனை ஒரு முறை பார்த்தாள்.

மீதி இருந்தவர்களும் பேசி முடித்தார்கள். டீ வந்தது, பஜ்ஜி வந்தது. "எழுதினவங்க எழுந்து நிக்கலாம்" என்றான் மாறன்.

விமல்ராஜ் மனைவியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. எதிர்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

சரசு டீச்சர் எழுந்து நின்று கும்பிட்டாள்.

மணிவேலின் வாய்க்குப் பாதி தூரம் போன பஜ்ஜி அங்கேயே நின்றது. "நீயா?" என்றார். பிறகு, "நானா?" என்றார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. மாறன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்க வீட்டுலதான் எழுதி ஷட்டருக்கு அடியில தள்ளிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான். சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு ஆண்கள் சட்டைப் பையிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார்கள். அவர்கள் கையிலும் வீட்டுச் சாவி இருந்திருக்கும் என்று விமல்ராஜுக்குத் தோன்றியது.

படி இறங்கும்போது அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அவர்கள் வந்த வண்டி ஒத்தவாடைத் தெருவின் அந்தக் கோடியில் நின்றது. சந்தோஷத்தில் வேகமாக நடந்தான். பூக்கடை தாண்டி நின்று திரும்பிப் பார்த்தான். வினோதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"தோ பாரு, நான் நீதான் எழுதினேன்னு நெனச்சுட்டேன்" என்றான், இப்போது சிரித்துக்கொண்டே.

"தெரியும். மூஞ்சிலயே எழுதியிருந்துச்சு."

"அப்டினா போன்ல என்னா டைப் அடிச்சுட்டு இருக்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு வட்டத்துல விதி இருக்கு."

விமல்ராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, சாதாரணமாக, நாளைக்கு வாங்க வேண்டிய காய்கறியைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"இந்தக் கதையை நான் எழுதியிருந்தா அந்த மெஷினைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்."

அப்படியென்றால் அங்கே அவள் பேசியது நடிப்பே இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் மனசாரச் சொன்னது. ஒருத்தி உண்மையை அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள், இவன் அதை ரசீது மாதிரி திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுபடி நடக்க ஆரம்பித்தான். கால் பழகிய கால், அதுபாட்டுக்கு அவனை முன்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தெருமுனையில் சுதாரித்து நின்றான். அவள் ஒரு மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து, மேல்மூச்சு வாங்க வந்து நின்றாள். வழக்கப்படி அவன் கிளம்பப் போகிறான் என்று அவளும் அடுத்த அடியை எடுத்து வைத்தாள். அவன் நகரவில்லை.

"வினோதினி" என்றான். கல்யாணப் பத்திரிகையில் பார்த்த பெயர், வாயில் புதுசாக இருந்தது. "மூச்சு வாங்கிக்கோ. அவசரம் இல்ல."

அவள் சட்டென்று நின்றாள். தலையிலிருந்து கால்வரை அவனை அளந்து பார்த்தாள். இவ்வளவு சந்தேகத்தோடு அவனே எந்தக் காகிதத்தையும் பார்த்தது கிடையாது. பூக்கூடைக்காரி நின்று வேடிக்கை பார்ப்பதைக்கூடச் சட்டை பண்ணாமல், கையை நீட்டி அவன் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள்.

"வேர்த்திருக்கு" என்றாள். "மெஷின் இல்ல."

அதை அவள் சொன்னது நிம்மதியிலா ஏமாற்றத்திலா என்று வீடு போய்ச் சேரும்வரை அவனுக்குப் பிடிபடவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே அவன் இரண்டு முறை கேட்க நினைத்தான். கேட்கவில்லை.