குழாயில் இரண்டு தட்டு

"தாத்தா, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கள நீங்க வெளிய எடுப்பீங்களாமே. வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கள யாரு எடுப்பா?"

பேத்தி என்றோ போனில் கேட்டது. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த கிழவருக்கு அன்று சிரிப்புதான் வந்தது. மனைவி போய், முழங்கால் போய், கட்டடத்து லிஃப்ட்டும் நின்றுபோய், நாலாம் மாடியில் எட்டு மாதம் அடைந்துகிடந்தபோதுதான் அது உறைத்தது. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் பத்தொன்பது காலடி. எண்ணி வைத்திருந்தார்.

லிஃப்ட்டுக்கு என்ன கேடு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அவர் மாடி லிஃப்ட் கதவுப் பூட்டில், மின்சாரம் பாய வேண்டிய தகடு ஒட்டவில்லை. அதைச் சொன்னதற்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர், "பெரியவரே, புதுசே போடணும்னு கம்பெனில சொல்லிட்டாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். எடுத்தால் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டவர், பிறகு திறக்கவேயில்லை.

நேர் கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற நர்சம்மா. இரண்டு சமையலறைக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். தினம் காலை ஏழு மணிக்கு ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டுவார். இருக்கிறேன் என்பதற்கு இவரும் இரண்டு தட்ட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இவர் தட்டவில்லை. "அடுத்த வருஷம் வர்றேம்ப்பா" என்று மகன் முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். மாத்திரையையும் தொடவில்லை. யாருக்காக?

படியில் இளைப்புச் சத்தம் ஏறி வந்தது. தன்னிடமிருந்த சாவியால் நர்சம்மா கதவைத் திறந்தார்.

"இருக்கீங்களா? அப்ப கை என்ன சுளுக்கா?"

"நான் இருந்தா என்ன, போனா என்ன?"

"ஏன் சாமி, உங்களுக்காக மட்டும்தான் தட்டறேன்னு நெனச்சீங்களா? அந்தப் பக்கம் ஒரு ஆள் பதில் சொன்னாத்தான் எனக்கே அடுப்புப் பத்த வைக்கத் தோணுது." மாத்திரையை எடுத்து நீட்டி, விழுங்கும்வரை நின்றார். நின்றவருக்கு மூச்சு முட்டியது.

சாயங்காலம் நர்சம்மாவை நாற்காலியில் வைத்துப் படியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் நாற்காலிக் கால் சுவரில் இடித்த சத்தம் ஒவ்வொன்றும் கிழவரின் நெஞ்சில் விழுந்தது.

இரண்டு காலை குழாய் பேசவில்லை. நர்சம்மாவின் மகள் போன் செய்தாள். "அம்மா தேவலை மாமா. ஆனா இனிமே படி ஏறக் கூடாதாம். நாளைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிலேருந்து அம்மாவோட வந்து, அவங்களக் கீழயே உக்கார வெச்சுட்டு சாமானைக் கட்டி, எங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிடறேன். அம்மாதான் மாட்டேன்னு அழறாங்க."

மறுநாள் கட்டடமே வேலைக்குப் போன பிறகு, கட்டிலடியிலிருந்து கருவிப் பையை இழுத்தார். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் பதினெட்டுப் படி. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஏறி, மெயினை அணைத்து, உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார். தன் மாடி லிஃப்ட் கதவின் பூட்டைக் கழற்றினார். கருகிய தகட்டை அரத்தால் தேய்த்து, அரிசி கனம் வளைத்துப் பொருத்தினார். அரைமணி நேர வேலை. வீம்பு பிடித்து எட்டு மாதம் தன்னையே பூட்டி வைத்திருந்தார். அதற்கு விலை கொடுத்தது அந்த அம்மாவின் மூச்சு. மனிதனைப் பிடித்து நிறுத்தக் கடவுளுக்கு ஒரு ஸ்பூன் போதுமாயிருக்கிறது.

மறுபடி பதினெட்டுப் படி ஏறி மெயினைப் போட்டார். லிஃப்ட் முனகிக்கொண்டு வந்து நின்றது. ஏறி, மாடி மாடியாக நிறுத்திப் பார்த்து, நாலுக்கே திரும்பினார். உள்ளே கிடந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்து, கீழ்த்தளப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தார். காலி லிஃப்ட் நர்சம்மாவுக்காகக் கீழே போனது.

கருவிப் பையைக் கட்டிலடியில் தள்ளினார். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பூனைக் கழுவிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.