பார்த்தவர் கையெழுத்து

ஆக்சுவரி என்றால் என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக, எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போடுகிற வேலை என்று ஒருமுறை அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து சித்தப்பா, பெரியப்பா எல்லாம் ஜோசியக்காரனிடம் வருவதுபோல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தனி ஆளுக்குக் கணக்கு கிடையாது, ஆயிரம் பேருக்குத்தான் உண்டு என்றால், இவ்வளவு படித்தும் பிரயோஜனம் இல்லை என்று எழுந்து போனார்கள். அக்கா மட்டும் அவனைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் படித்தபோதும், பிறகு வேலைக்குப் போய்க்கொண்டே அந்தத் தீராத தேர்வுகளை எழுதித் தோற்று மறுபடி எழுதியபோதும், அவளுக்கு அவன் கணக்குப்பிள்ளைதான்.

கடைசித் தேர்வில் தேறிய செய்தி வந்தபோது அக்கா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். தின்றான். இனிப்பாக இருந்திருக்க வேண்டும். அக்காவை எடுத்துப்போன அன்றும் அவன் அழவில்லை. அழுதுவிடுடா என்று அம்மா முதுகில் அடித்தாள். அடி விழுந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு பழுது. மாத்திரையோடு சில வருஷம் ஓட்டலாம், ஆபரேஷன் செய்தால் நெடுநாள் இருக்கலாம், ஆனால் அதில் ஆபத்தும் உண்டு, முடிவு உங்களுடையது என்று டாக்டர் ஒதுங்கிக்கொண்டார். அக்கா தம்பியைக் கேட்டாள். அவன் கம்பெனி விவரங்களைக் கிளறி, இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் வீடு திரும்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். தைரியமாகப் போனாள். திரும்பவில்லை. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. தொண்ணூற்று நாலு என்றால் ஆறு பேர் மிச்சம் இருக்கத்தானே செய்யும். கணக்கு சரி, அக்கா இல்லை. இரண்டையும் சுமந்துகொண்டு அவன் பாட்டுக்கு ஆபீஸ் போய்வந்தான்.

அவர்கள் பிரிவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த எண்ணும் ஒற்றைக் கையெழுத்தோடு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. செய்தவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர். பார்ப்பவர், செய்தவர் மீது துளி நம்பிக்கையும் வைக்காமல் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். தேறிவிட்டதால் இப்போது அவன் பார்ப்பவன். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தாள்கள்தான் முதலில் வந்தன. இரண்டாம் பக்கத்திலேயே பிசகு. மருத்துவப் பரிசோதனையில் தேறி பாலிசி வாங்கியவர்களின் சாவு விகிதத்தை எடுத்து, பரிசோதனையே செய்யாத ஒரு கூட்டத்துக்குப் போட்டிருந்தாள். சலித்து எடுத்தவர்களின் கணக்கு சலிக்காதவர்களுக்குச் செல்லாது. முதல் வருஷப் பாடம். சிவப்புப் பேனாவால் சுழித்தான். பேனா அங்கேயே நின்றது.

அக்காவுக்குச் சர்க்கரை. சிறுநீரகமும் சுமார்தான். எந்தக் கம்பெனியும் அவளுக்குப் பாலிசி கொடுத்திருக்காது. அவன் போட்டதோ பாலிசிக்காரர்களின் கணக்கு. தொண்ணூற்று நாலு வந்த சந்தோஷத்தில் மேற்கொண்டு பார்க்கவில்லை. அவனுக்கு அந்த எண் வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவன் ஏட்டையே சரியாகப் புரட்டவில்லை. அக்காவைப் போல் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களின் விவரத்தைத் தேடி எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தான். எழுபதுகூட வரவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அக்கா புருஷன், ஒரு பழைய ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தான். இன்னொருவர் பார்க்காமல் வெளியே போன ஒரே கணக்கு அக்காவுடையதுதான் என்றும் சொன்னான். மாமா அறைவார் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

மாமா கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"பார்த்தவன் இருக்கேன் மாப்ளே" என்றார். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை எங்கிட்ட குடுத்தா. தம்பி பாசத்துல கூட்டிப் போட்டிருப்பான், நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கன்னா. எனக்கு அதுல ஒண்ணும் புரியல. புரியலன்னு சொல்ல வெட்கம். கொஞ்ச நேரம் பார்க்கிற மாதிரி இருந்துட்டு, சரியாத்தான் இருக்கு, கிளம்புன்னு சொன்னேன்."

நாலு மாதமாக அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"இப்ப எழுபதுகூட இல்லங்கிற. அதை யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல மாமா. நான் மட்டும்தான்."

மாமா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எடு. வரிக்கு வரி சொல்லிக்குடு. இந்தத் தடவை புரிஞ்சு பார்க்கிறேன்."

பையிலிருந்து புதுக் கணக்குத் தாளை எடுத்துப் பிரித்தான். முதல் வரியில் அக்காவின் வயது. அதை வாய்விட்டுப் படிக்க அவனால் முடியவில்லை.