மாடியில் ஜி.எஸ்.எம். வீக்

எங்கள் முதலாளி கிட்டுசாமி அண்ணன், கம்பெனிக்குப் புதிதாக யாராவது வந்தால் முதலில் டீ சொல்ல மாட்டார். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவார். அங்கே ஒரு இரும்புக் கம்பத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி மாதிரி ஒரு ஆண்டெனாவும், கம்பத்தின் இடுப்பில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் இருக்கின்றன. "சேட்டிலைட்டுங்க. நேரா நம்ம மாடியத்தான் பாத்துட்டு இருக்குது" என்பார். வந்தவர் மரியாதைக்கு வானத்தைப் பார்ப்பார். அண்ணனும் பார்ப்பார். முதலிபாளையத்தில் பனியன் தைக்கிற மனிதருக்கு வானத்தில் என்ன ஜோலி என்று எனக்குள் எரிச்சலாக வரும்.

பெட்டியை வைத்தவர் முகிலன். கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. தென்காசிக்காரர், சாதுவான மனிதர். எனக்குப் புரிகிற மாதிரிதான் விளக்கினார். மேலே சுற்றுகிற சேட்டிலைட்டுகள் ஓயாமல் சிக்னல் அனுப்புகின்றன. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்த சிக்னல் கீழே வந்து சேரக் கொஞ்சூண்டு தாமதமாகும். அந்தத் தாமதத்தை அளந்துவிட்டால் நம் தலைக்கு மேல் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று தெரிந்துவிடும், மழையைக் கணிக்க அது உதவும். அளந்ததையெல்லாம் பெட்டிக்குள் இருக்கிற சிம் கார்டு கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடும். அவர் சிம் போடும்போது டார்ச் பிடித்தது நான்தான். அண்ணன் அப்போது கம்பத்தைக் கட்டிப்பிடித்து போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

நான் கலைமகள். இங்கே மெர்ச்சண்டைசர். அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் திட்டினால் வாங்கிக்கொள்வது என் வேலை. கம்பெனிக்குள் திட்டினால் அதையும் வாங்கிக்கொள்வது என் வேலை.

அந்த வாரம் ஜெர்மனி பையருக்கு ஒரு டீ-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. துணி நூற்றி எண்பது ஜி.எஸ்.எம். இருக்க வேண்டும் என்று பேச்சு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம். எங்கள் ஊரில் துணியைத் தொட்ட உடனே வாயில் வருகிற முதல் வார்த்தை அது. வந்திறங்கிய ரோலில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போட்டேன். நூற்றி அறுபத்திரண்டு. வேறொரு ரோலில் வெட்டினேன். அதே கதைதான். சுளையாகப் பத்து பர்சென்ட் குறைவு.

அண்ணனிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"நல்ல ரோலு கொஞ்சம் கெடக்குதுல்ல கண்ணு, அதுல வெட்டி சாம்பிள் அனுப்பிரு. ரிப்போர்ட்டுல உன்ற கையெழுத்துதான?"

"பையர் டெஸ்ட் பண்ணா மாட்டிக்குவமுங்ணா."

"ஜெர்மனிக்காரன் என்ன, தராசத் தூக்கி வெச்சுட்டா சட்ட போடுவான்?"

கையெழுத்து என்னுடையது. பிடிபட்டால் கெடுகிற பேரும் என்னுடையது. இந்த ஊரில் ஒரு மெர்ச்சண்டைசர் பொய் ரிப்போர்ட் போட்டாள் என்றால், அவள் பஸ் பிடித்து நல்லூர் தாண்டுவதற்குள் எல்லா கம்பெனிக்கும் தெரிந்துவிடும். அப்புறம் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மாட்டேன் என்று பட்டென்று சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. "பாக்கறனுங்ணா" என்றேன். எங்கள் பக்கம் அதற்குச் சரி என்றும் பொருள், முடியாது என்றும் பொருள். அண்ணன் சரி என்றே எடுத்துக்கொண்டார். மெல்லிய ரோல்கள் எல்லாம் யார் கண்ணிலும் படாமல் இருக்க மாடியில் இருக்கிற தகர ஷெட்டுக்குப் போயின.

மறுநாள் காலை முகிலனிடமிருந்து போன். அண்ணன் எந்த போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"சார், உங்க மாடியில ஜி.எஸ்.எம். ரொம்ப வீக்கா இருக்கு சார்."

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க இருந்துங்க பேசறீங்க?"

"கோயம்புத்தூர்ல இருந்துதான் சார். இங்க ஸ்கிரீன்லயே தெரியுதே. பத்து பர்சென்ட் அடிபடுது."

"கரெக்ட்டா பத்துங்களா?"

"பத்தேதான் சார். எங்களுக்கு முன்னாடி ஜெர்மனிக்காரங்கதான் கண்டுபிடிச்சாங்க. அவங்களும் உங்க மாடிய தினமும் பாத்துட்டிருக்காங்கல்லா."

அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடன்காரனைக் கண்டவர் கூட அப்படி வெளுக்க மாட்டார். எனக்கு விஷயம் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கிற சிம்முக்கு டவர் சரியாகக் கிடைக்கவில்லை. போன்காரர்களுக்கும் ஒரு ஜி.எஸ்.எம். உண்டு. அளந்த விவரத்தில் பத்து பர்சென்ட் வழியிலேயே தொலைகிறது. அதை ஆராய்ச்சிக்காக ஜெர்மனியிலும் யாரோ பார்க்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்ல வேண்டும்? கம்ப்யூட்டரைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் தேர்த்திருவிழா நடந்தது.

"மேல இருந்து பாத்தா துணியோட ஜி.எஸ்.எம். கூடவா தெரியும்?" என்று என்னைக் கேட்டார் அண்ணன்.

"அவங்க படிச்சவங்கங்ணா" என்றேன். பொய் இல்லையே.

அண்ணன் சும்மா இருப்பாரா? மாடி ஷெட்டிலிருந்த மெல்லிய ரோல்களைத் தரைத்தளத்துக்கு இறக்கி, மாடிப்படிக்குக் கீழே ஒளித்தார். நல்ல ரோல்களை மாடிக்கு ஏற்றி, கம்பத்தைச் சுற்றி வெட்டவெளியில் அடுக்கச் சொன்னார். "நல்லாப் பாக்கட்டும்" என்றார். தூக்கிய ஆட்கள் ஒரிசாக்காரர்கள். வெயிலில் துணியை எதற்குக் காயப்போடுகிறார்கள் என்று தங்களுக்குள் இந்தியில் பேசிச் சிரித்தார்கள். அடுக்கிய ரோல்களில் ஒன்று சரிந்து பெட்டியின் மேலேயே விழுந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் மறுபடி போன்.

"சார், ஜி.எஸ்.எம். சுத்தமா விழுந்துருச்சு! மாடியில என்ன சார் மாத்துனீங்க?"

"மாத்துனதும் தெரிஞ்சு போச்சுங்களா?" அண்ணனின் குரல் உள்ளே போய்விட்டது.

"தெரியாம எப்படி சார்? நானே நேர்ல வர்றேன்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். ஃபேனைக் கூட்டச் சொன்னார். அப்புறம், "கண்ணு, நமக்கெதுக்கு இந்த ஏழரை? அந்த மெல்லிசு ரோலு அத்தனையும் லோக்கல் மார்க்கெட்டுக்குத் தள்ளிரு. புதுசா நூத்தி எண்பதுல துணி ஓட்டச் சொல்லு. பையர்கிட்ட கொஞ்சம் டைம் வாங்கு" என்றார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. வாயே திறக்காமல் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முகிலனுக்கு என்ன வேலையோ, உடனே வரவில்லை. அவர் வந்த அன்று புதுத் துணி கட்டிங் டேபிளில் விரித்துக் கிடந்தது. கட்டிங் மாஸ்டர் முனீஸ் மெஷினைக் கையில் பிடித்து நின்றார். மெல்லிய ரோல்கள் டெம்போவில் ஏறி வாசலில் நின்றன. அண்ணன் கேட்டுக்கே போய் முகிலனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசு உட்டுச் சொல்றனுங்க தம்பி. நூத்தி அறுபத்திரண்டுதானுங்க இருந்துச்சு. இப்ப மாத்திட்டேன். ஜெர்மனிக்கு நீங்கதான் ஒரு வார்த்த சொல்லோணும்."

"எது சார் நூத்தி அறுபத்திரண்டு?"

"ஜி.எஸ்.எம்.முங்க."

முகிலன் குழம்பிப் போனார். "அவ்வளவெல்லாம் வரவே வராதே சார். அதுக்கு அளவே முப்பத்தொண்ணு வரைக்கும்தான்."

"முப்பத்தொண்ணா? அதுல என்னத்தைங்க தெக்கறது, கொசுவலையா?"

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இருமுவது போல நடித்தேன். மூவரும் மாடிக்குப் போனோம். முகிலன் பெட்டியின் மேல் கிடந்த ரோலை நகர்த்தினார். பெட்டியின் பக்கத்தில் இருந்த சின்ன ஆண்டெனா ஒடிந்து தொங்கியது. பெட்டியைத் திறந்து சிம்மை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுதான் சார் ஜி.எஸ்.எம். செல்போன் சிக்னல். புது ஆண்டெனாவும் வேற கம்பெனி சிம்மும் போட்டா சரியாயிரும்."

அண்ணன் அந்தச் சின்ன சிம்மை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சேட்டிலைட்டு என்ற துணியப் பாக்கலீங்களா?"

"அது கீழ எதையும் பாக்காது சார். சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான்."

அண்ணன் படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று மாடியிலேயே நின்றுவிட்டது. "முனீஸ், மெஷின நிறுத்து!" என்று கத்தினார். பின்னாலேயே ஓடி வந்த என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்ணா."

"எப்ப இருந்து?"

"மொத போன்ல இருந்துங்க."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். "டெம்போவுல இருக்கற ரோல எறக்கச் சொல்லு. அந்தத் துணிதான் போகுது" என்றார் அண்ணன்.

இப்போது எனக்கு உதவ எந்த சேட்டிலைட்டும் இல்லை. "எறக்கிக்குங்ணா. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அண்ணன் நிஜமாகவே யோசித்தார். "இல்ல. அன்னிக்கே உன்ன ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, பயமும் போகவில்லை.

"அண்ணாச்சி, பயலுவ சும்மா நிக்கானுவ. வெட்டவா, வேண்டாமா?" என்றார் முனீஸ்.

அண்ணன் டேபிளுக்குப் போய்ப் புதுத் துணியை விரல்களுக்கிடையில் வைத்து நிமிண்டிப் பார்த்தார். இன்னொரு மடிப்பையும் எடுத்து நிமிண்டினார். எவ்வளவு கோபத்திலும் அந்த விரல்களுக்கு நல்ல துணி தெரியும். "மாடிக்கு ஏத்தி, கீழ எறக்கி, டெம்போவுல ஏத்தி... எனக்கே வெக்கமா இருக்குது. வெட்டுங்க, போ" என்றார். பிறகு என்னிடம், "இந்தத் துணிக்காச்சும் கையெழுத்துப் போடுவியா, இல்ல கோயம்புத்தூருக்கு போன் போடட்டுமா?" என்றார்.

அங்கேயே நின்று போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

சாம்பிள் போய்ச் சேர்ந்ததும் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. துணி சரியாக இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிற கையெழுத்து உங்களுடைய வழக்கமான கையெழுத்து மாதிரி இல்லையே, இதைப் போட்டது யார் என்று கேட்டிருந்தார்கள்.

நான்தான் போட்டேன் என்று பதில் எழுதினேன்.